9 அங்குலம் குறைந்த நீச்சல் குளம்: ரக்ஸ்லி வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

கான்ட்ராக்டரோடு சண்டை முற்றும்போது எந்த வீட்டுக்காரர் வாயிலும் கடைசியில் வந்து நிற்கிற சொல், "இடிச்சுட்டு மறுபடி கட்டிக் குடு" என்பதுதான். அந்தக் கோபத்தை நீதிமன்றம் எப்போது ஏற்கும், எப்போது ஏற்காது? இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை 1995இல் இதற்கு ஒரு பதில் சொன்னது. அப்போது அந்த நாட்டின் உச்சபட்ச நீதிமன்றம் அதுதான். வழக்கின் பெயர் ரக்ஸ்லி எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கன்ஸ்ட்ரக்ஷன். தகராறு ஒரு தோட்டத்து நீச்சல் குளத்தைப் பற்றியது. ஒப்பந்தச் சட்டம் படிக்கிற மாணவர்கள் இன்றும் இதைத் தாண்டாமல் போக முடியாது.

வழக்கமாக இந்த வழக்கை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள்: வீட்டுக்காரர் கேட்டது 21,560 பவுண்டு, கிடைத்தது 2,500 பவுண்டு. இதைக் கேட்கிறவருக்கு, 'ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும் கான்ட்ராக்டர் தன் இஷ்டத்துக்குக் கட்டிவிட்டுப் போகலாம்போல' என்றுதான் தோன்றும். ஆனால் தீர்ப்பைப் பொறுமையாகப் படித்தால் வேறு விஷயம் தெரிகிறது. வீட்டுக்காரரைக் கவிழ்த்தவை விசாரணை நீதிபதி சாட்சியங்களைப் பார்த்துப் பதிவுசெய்த சில உண்மைகள். மேல் நீதிமன்றங்கள் பேசிய சட்டம் முழுக்க அந்த உண்மைகளின் மேல்தான் நிற்கிறது. அவற்றில் ஒன்று மாறியிருந்தாலும் தீர்ப்பு வேறு பக்கம் சாய்ந்திருக்கலாம். மோசமான வேலைக்காக வழக்குப் போட நினைக்கும் யாரும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நடந்தது என்ன

கென்ட் மாவட்டத்தில் ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்தில் நீச்சல் குளமும் அதை மூடி ஒரு கூடமும் கட்ட ஏற்பாடு செய்தார். ஒன்றுக்கொன்று தொடர்புடைய இரண்டு நிறுவனங்கள் வேலையை எடுத்துக்கொண்டன. மொத்த ஒப்பந்தத் தொகை 70,000 பவுண்டுக்குச் சற்று மேல். அதில் குளத்துக்கு மட்டும் ஏறத்தாழ 17,800 பவுண்டு.

முதலில் பேசிய ஆழம் 6 அடி 6 அங்குலம். அப்புறம் வீட்டுக்காரர், குதிக்கும்போது பயமில்லாமல் இருக்க வேண்டும், இன்னும் ஓர் அடி சேர்த்து 7 அடி 6 அங்குலமாக்கிக் கொடுங்கள் என்று கேட்டார். கான்ட்ராக்டர் தரப்பு அதற்குக் கூடுதல் பணம் கேட்கவில்லை, சரி என்று ஒத்துக்கொண்டது. இந்தச் சின்ன விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் கட்டிய குளத்தில் விரிசல் விட்டது. அதற்குக் கான்ட்ராக்டர் தகராறு செய்யவில்லை, தன் செலவிலேயே வேறு குளம் கட்டித் தந்தார். அந்த இரண்டாவது குளத்தில்தான் பிரச்சினை. கட்டி முடித்து எல்லாம் ஆன பிறகு அளந்து பார்த்தால், மிக ஆழமான இடத்திலேயே 6 அடி 9 அங்குலம்தான் இருந்தது. ஒப்பந்தத்தைவிட 9 அங்குலம் குறைவு. ஆள் குதித்து இறங்குகிற இடத்தில் வெறும் 6 அடி.

வீட்டுக்காரர் பாக்கித் தொகையை நிறுத்திவைத்தார். நிறுவனங்கள் பணம் கேட்டு வழக்குப் போட்டன. வீட்டுக்காரர் ஒப்பந்த மீறலுக்கு இழப்பீடு கேட்டு எதிர்வழக்குப் போட்டார்.

நீதிபதி பதிவுசெய்த உண்மைகள்

1993 ஜூலையில் விசாரணை நீதிபதி டயமண்ட் தீர்ப்புச் சொன்னார். ஒப்பந்தம் மீறப்பட்டது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எழுதிக்கொடுத்த ஆழம் கட்டிய குளத்தில் இல்லை, அவ்வளவுதான். ஆனால் இழப்பீட்டைக் கணக்கிட உட்கார்ந்தபோது அவர் கண்டறிந்தவை வேறு மாதிரி அமைந்துவிட்டன.

இருக்கிற ஆழத்திலேயே குதிப்பது பாதுகாப்பானதுதான் என்றார். ஆழம் குறைந்ததால் சொத்தின் விலை குறைந்தது என்பதற்குச் சாட்சியம் இல்லை என்றார். கேட்ட ஆழம் வேண்டுமானால் குளத்தை இடித்து மறுபடி கட்டுவது ஒன்றே வழி, அதற்கு 21,560 பவுண்டு ஆகும் என்றார். கிடைக்கப்போகும் பலனோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு எந்த விதத்திலும் பொருந்தாதது என்றார். கடைசியாக ஒன்று சொன்னார், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: இழப்பீடு கிடைத்தால் வீட்டுக்காரர் உண்மையிலேயே குளத்தை இடித்துக் கட்டுவார் என்று தனக்கு நம்பிக்கை வரவில்லை என்றார்.

எனவே மறுகட்டுமானச் செலவு மறுக்கப்பட்டது. கேட்ட மாதிரி அமையாத குளத்தால் இழந்த வசதிக்கும் மகிழ்ச்சிக்கும் 2,500 பவுண்டு கொடுக்கச் சொன்னார்.

இருக்கிற குளத்தையே கொஞ்சம் தோண்டி ஆழமாக்கக் கூடாதா என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றும். கான்கிரீட் குளத்தில் பொதுவாக அது நடக்காது. அடித்தளமும் பக்கச் சுவர்களும் கம்பி தொடர்ந்து ஓடுகிற ஒரே தொட்டியாக வார்க்கப்படுகின்றன. தரையை வெட்டினால் கம்பியின் தொடர்ச்சி அறுந்துவிடும். சுவர் வெளிமண்ணின் அழுத்தத்தைத் தாங்குவதற்கு அடித்தளத்தின் பிடிமானம் வேண்டும், அதுவும் போய்விடும். புதிதாக ஊற்றிய கான்கிரீட் பழையதைச் சந்திக்கிற இடத்தில் நீர்க்கசிவும் வரும். இந்த மாதிரிக் குறைகளுக்குச் சரிசெய்யும் செலவு என்று நடுவில் ஒரு தொகை இருப்பதில்லை. ஒன்று இருப்பதை ஏற்க வேண்டும், இல்லையென்றால் முழுக்க இடிக்க வேண்டும். நீதிமன்றங்கள் திணறியது இங்கேதான்.

அளவு பார்க்க வேண்டிய நேரம் எது என்பதும் இதிலிருந்து விளங்கும். குழி தோண்டி, கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றுவதற்கு முந்தைய நாள் நூல் பிடித்து அளந்தால் 9 அங்குலத்தைச் சரிசெய்வது ஒரு நாள் மண்வேலை. ஊற்றிய பிறகு அதே 9 அங்குலத்துக்கு விலை 21,560 பவுண்டு. எங்கிருந்து அளப்பது என்பதையும் வரைபடத்திலேயே எழுதிவிட வேண்டும். தண்ணீர் நிற்கும் மட்டத்திலிருந்தா, குளத்தின் விளிம்புக் கல்லின் மேற்பரப்பிலிருந்தா? இரண்டுக்கும் நடுவே சில அங்குலம் வித்தியாசம் உண்டு. "ஆழம் இத்தனை அடி" என்று மட்டும் எழுதினால், நாளைக்குக் கான்ட்ராக்டர் ஓர் இடத்திலிருந்தும் வீட்டுக்காரர் இன்னோர் இடத்திலிருந்தும் அளப்பார்கள்.

மேல்முறையீடு

வீட்டுக்காரர் மேல்முறையீடு செய்தார். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் அவர் பக்கம் நின்றார்கள், ஒருவர் மறுத்தார். பெரும்பான்மையின் நியாயம் எளிமையானது. இவர் ஓர் ஆழம் கேட்டார், அதற்கு ஒப்புக்கொண்டார்கள், கொடுக்கவில்லை. அதைப் பெற மறுகட்டுமானத்தைவிட மலிவான வழி இல்லை. எனவே 21,560 பவுண்டு கொடுங்கள் என்று தீர்ப்பானது. அந்தப் பணத்தைக் குளம் கட்டவே செலவிடுவேன் என்று வீட்டுக்காரர் அங்கே உறுதிமொழியும் கொடுத்தார்.

இப்போது நிறுவனங்கள் பிரபுக்கள் அவைக்குப் போயின. 1995 ஜூன் 29 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக மேல்முறையீட்டுத் தீர்ப்பை ரத்து செய்து, 2,500 பவுண்டை மீட்டெடுத்தார்கள்.

லார்டு ஜான்சி ஓர் உதாரணம் சொன்னார். வீட்டுச் சுவரின் கீழ்ப்பகுதியில் ஒரு வரிசைக்கு நீல நிறச் செங்கல் வைக்க வேண்டும் என்று ஒப்பந்தம். கட்டியவர் மஞ்சள் செங்கல் வைத்துவிட்டார். மற்றபடி வீட்டில் ஒரு குறையும் இல்லை. அந்த ஒரு வரிசையை மாற்ற வேண்டுமென்றால் சுவரையே இடிக்க வேண்டும். அந்தச் செலவு முழுவதையும் இழப்பீடாகக் கொடுப்பது நியாயமாகாது என்றார். இழப்பீடு என்பது உண்மையில் இழந்ததை ஈடுகட்டத்தான், இழக்காத ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுக்க முடியாது என்பது அவருடைய வாதம்.

உறுதிமொழி விஷயத்தையும் அவர்கள் விடவில்லை. இழப்பீடாக வாங்கிய பணத்தை ஒருவர் என்ன செய்கிறார் என்பது பொதுவாக நீதிமன்றத்தின் கவலை இல்லை. ஆனால் இடித்துக் கட்டும் எண்ணம் இருக்கிறதா என்பது, அந்தச் செலவைக் கேட்பது நியாயமா என்று பார்க்கும்போது முக்கியமாகிறது. இல்லாத இழப்பை ஓர் உறுதிமொழியால் உண்டாக்கிவிட முடியாது. விசாரணையில் நம்பவைக்க முடியாததை மேல்முறையீட்டில் வாக்குக் கொடுத்து வாங்க முடியாது என்றுதான் இதற்கு அர்த்தம்.

ஐந்து பேரில் எனக்கு மிகவும் பிடித்தது லார்டு மஸ்டில் எழுதியது. இழப்பீடு என்றால் ஒன்று மறுகட்டுமானச் செலவு, இல்லையென்றால் சந்தை விலையில் வந்த குறைவு, வேறெதுவும் கிடையாது என்று இரண்டு தரப்பும் பேசிக்கொண்டிருந்தன. அவர் அதை ஏற்கவில்லை. வீட்டுக்காரர் ஒரு விஷயத்தைக் கேட்டு வாங்கும்போது, சந்தை அதற்கு ஒரு பைசாவும் தராமல் போகலாம், ஆனால் அவருக்கு அதில் மதிப்பு இருக்கிறது. சந்தை விலை குறையவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கான்ட்ராக்டரை எதுவும் கொடுக்காமல் தப்பவிட்டால், வீட்டுக்காரருக்குக் கொடுத்த வாக்குக்கு என்ன மரியாதை? அந்த மதிப்புக்கும் ஒரு தொகை போட வேண்டும் என்றார். வீட்டை விற்பதற்காக இல்லாமல் வாழ்வதற்காகக் கட்டுகிற ஒவ்வொருவருக்கும் இந்த வாதம் பெரிய துணை.

குழாய் ஒரு பக்கம், அஸ்திவாரம் ஒரு பக்கம்

ரக்ஸ்லியைத் தனியாக வைத்துப் படித்தால் வீட்டுக்காரர்களுக்கு எதிரான தீர்ப்பாகவே தெரியும். அதற்கு முன்னால் வந்த இரண்டு வழக்குகளை இருபுறமும் வைத்துப் பார்த்தால்தான் எல்லைக்கோடு எங்கே போகிறது என்று புரியும்.

முதலாவது 1921இல் நியூயார்க் மாநிலத்தின் உயர் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முடிந்த ஜேக்கப் அண்ட் யங்ஸ் வழக்கு. 77,000 டாலருக்கு மேல் செலவான ஒரு பெரிய வீடு. தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் ரெடிங் கம்பெனியின் தயாரிப்பாக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம். 2,000 முதல் 2,500 அடி வரை குழாய் போட்டதில், மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதியின் கணக்குப்படி, அதிகபட்சம் 1,000 அடிதான் ரெடிங் குழாய். மீதி வேறு கம்பெனிகளுடையது. குழாயின் மேல் 6, 7 அடிக்கு ஒருமுறை கம்பெனியின் பெயர் அச்சடிக்கப்பட்டிருக்கும். அதைத் தவிர வித்தியாசம் காட்ட ஒன்றுமில்லை. சரக்கு வந்து இறங்கியபோது சோதித்துப் பார்த்த வீட்டுக்காரரின் ஆர்க்கிடெக்ட்டே கவனிக்கவில்லை. 1914 ஜூனில் வேலை முடிந்து குடியும் போயாகிவிட்டது. விஷயம் வெளியே வந்தது 1915 மார்ச்சில். அதற்குள் குழாய்கள் பெரும்பாலும் சுவருக்குள் போய் மூடப்பட்டிருந்தன. எல்லாவற்றையும் பிடுங்கி மாற்றச் சொன்னார் ஆர்க்கிடெக்ட். கான்ட்ராக்டர் மறுத்துவிட்டு, 3,483 டாலர் பாக்கிக்கு வழக்குப் போட்டார்.

நான்குக்கு மூன்று என்ற கணக்கில் கான்ட்ராக்டர் ஜெயித்தார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கார்டோசோ. போட்ட குழாய் தரத்தில் குறைந்ததில்லை, தவறு தெரிந்து செய்ததும் இல்லை, எனவே விலையில் வரும் வித்தியாசத்தை மட்டும் கழிக்கலாம், அது இங்கே கிட்டத்தட்ட பூஜ்யம் என்றார். மாறுபட்ட மூன்று பேர் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டுக்காரர் தான் விரும்பியதைக் கேட்கும் உரிமை உள்ளவர், காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமே அவருக்கு இல்லை என்பது அவர்கள் கட்சி. படிக்கும்போது என் மனசு அவர்கள் பக்கம்தான் போகிறது.

ஆனால் கார்டோசோ தீர்ப்பில் இரண்டு விஷயங்களைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். வேண்டுமென்றே மாற்றிப் போட்டவருக்கு இந்தச் சலுகை கிடையாது என்று அவர் தெளிவாகச் சொல்கிறார். அப்புறம், ஒவ்வொரு விவரத்தையும் அப்படியே நிறைவேற்றினால்தான் பணம் என்று இரு தரப்பும் ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதிக்கொண்டால் அது செல்லும் என்றும் சொல்கிறார். உங்களுக்கு ஒரு குறிப்பிட்ட பொருளோ அளவோ விட்டுக்கொடுக்க முடியாதது என்றால், மற்ற விவரங்களோடு அதையும் ஒரு வரியாக எழுதிவிட்டுப் போகாதீர்கள். "இது இல்லாவிட்டால் இந்தத் தவணை கிடையாது" என்று தனியாக எழுதுங்கள்.

இரண்டாவது வழக்கு ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தில் 1954இல் முடிந்த பெல்குரோவ் வழக்கு. செங்கல் வீடு. அஸ்திவாரக் கான்கிரீட்டின் கலவையும் செங்கல் கட்டிய சாந்தின் கலவையும் ஒப்பந்தத்திலிருந்து வெகுவாக விலகியிருந்தன. வீடு ஆபத்தான அளவுக்கு நிலைகுலைந்திருந்தது. அடியில் முட்டுக்கொடுத்து அஸ்திவாரத்தைப் பலப்படுத்தலாம் என்று ஒரு யோசனை வந்தது. அது பலிக்குமா என்பதே சந்தேகம் என்று நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. வீட்டுக்காரருக்கு 4,950 பவுண்டு கிடைத்தது. இடித்து மறுபடி கட்டும் செலவை வைத்துப் போட்ட கணக்கு அது. வாங்கிய பணத்தில் அவர் உண்மையில் இடித்துக் கட்டுவாரா மாட்டாரா என்பது தேவையில்லாத கேள்வி என்றும் சொன்னார்கள்.

அதே தீர்ப்பில் ஓர் எதிர் உதாரணமும் உண்டு. பழைய செங்கல்லில் கட்டிப் பூசச் சொன்ன சுவரை ஒருவர் முதல்தரப் புதுச் செங்கல்லில் கட்டிவிட்டால், ஒப்பந்தப்படி இல்லை என்று சொல்லி இடிக்கச் சொல்வது நியாயமாகாது.

இரண்டு வழக்கிலும் ஒப்பந்த மீறல் உண்டு. குழாய் வீட்டின் பயன்பாட்டைத் தொடவே இல்லை. அஸ்திவாரமோ வீட்டையே வீடாக இல்லாமல் ஆக்கிவிட்டது. குளம் நடுவில் நிற்கிறது. பாதுகாப்புக்குக் குறைவில்லை, விலைக்குக் குறைவில்லை, ஆனால் கேட்டவர் எதற்காகக் கேட்டாரோ அது கிடைக்கவில்லை. டயமண்ட் கண்டறிந்தவற்றில் முதலாவதை மட்டும் மாற்றிப் பாருங்கள். 6 அடியில் குதிப்பது ஆபத்து என்று ஒரு நிபுணர் சாட்சி சொல்லி நீதிபதியும் அதை ஏற்றிருந்தால், இந்தக் குளம் அஸ்திவாரத்தின் பக்கம் நகர்ந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அன்றாடக் குறைகளையும் இப்படிப் பார்க்கலாம். கூரைத் தளத்தில் கம்பிக்கு மேல் போதுமான கான்கிரீட் மூடல் இல்லை என்பதும், வார்த்த கான்கிரீட்டுக்கு நீராற்றாமல் விட்டதால் பலம் ஏறவில்லை என்பதும் அஸ்திவாரத்தின் ரகம். இன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வருடங்களில் கம்பி துருவேறிப் பருத்து, கான்கிரீட்டை உரித்துத் தள்ளும். ஓடுகளின் இணைப்புக்கோடு சீராக இல்லை, சுவர்ப்பூச்சு லேசாக மேடுபள்ளமாக இருக்கிறது என்பவை குழாயின் ரகம். கண்ணை உறுத்தும், இடிக்கச் சொல்ல முடியாது. வழக்கு என்று போனால் முதல் ரகத்தைப் பரிசோதனை முடிவுகளோடு முன்னால் வைக்க வேண்டும். கட்டடத்திலிருந்து உருளையாக வெட்டியெடுத்த கான்கிரீட்டின் பலம் என்ன, மூடல் எத்தனை மில்லிமீட்டர் என்று எண்கள் பேச வேண்டும். நாற்பது புகார் உள்ள பட்டியலில் நான்கு உயிர்ப்பிரச்சினைகள் புதைந்துபோனால், படிக்கிற நீதிபதிக்கு நாற்பதுமே நச்சரிப்பாகத் தெரியும்.

பாக்கித் தொகை என்கிற பிடி

மூன்று வழக்குகளிலும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. மூன்றிலும் முதலில் நீதிமன்றத்துக்குப் போனவர் கான்ட்ராக்டர். பாக்கியைத் தரவில்லை என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள். வேலை சரியில்லை என்பது அதற்குப் பதிலாகத்தான் வந்தது.

இது தற்செயலாக நடப்பதில்லை. வேலை முடிகிற கட்டத்தில் வீட்டுக்காரரிடம் இருக்கிற ஒரே பிடி கடைசித் தவணைதான். அதை நிறுத்திவைப்பது இயல்பு, பல நேரம் அதுவே சரியும்கூட. ஆனால் நிறுத்திய நாளிலிருந்து நிலைமை தலைகீழாகிவிடுகிறது. பணம் தர மனமில்லாமல் குறை கண்டுபிடிக்கிறார் என்ற பேச்சு எழும். அதை முறியடிக்க ஒரே வழி, புகார் தேதியால் முந்தியிருக்க வேண்டும். பணம் கேட்டுக் கடிதம் வருவதற்கு முன்பே, இன்ன இடத்தில் இன்ன குறை என்று எழுத்தில் போயிருக்க வேண்டும். கூடவே, கான்ட்ராக்டர் வந்து பார்த்துச் சரிசெய்ய நியாயமான அவகாசமும் கொடுத்திருக்க வேண்டும். அவரை உள்ளே விடாமல் வேறு ஆளை வைத்துச் சரிசெய்துவிட்டு முழுச் செலவையும் கேட்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். எவ்வளவு நிறுத்துகிறோம் என்பதும் குறையைச் சரிசெய்யும் மதிப்பீட்டை ஒட்டி இருந்தால் நல்லது. பத்தில் ஒரு பங்கு குறைக்குப் பாதித் தொகையைப் பிடித்துவைத்தால், நீதிபதியின் கண்ணில் ஒப்பந்தத்தை மீறியவர்கள் இரண்டு பேராகிவிடுவார்கள்.

எண்ணத்தை எப்படி நிரூபிப்பது

வீட்டுக்காரர் உண்மையில் இடித்துக் கட்டுவாரா என்ற கேள்விக்கு ஆஸ்திரேலியத் தீர்ப்பும் ஆங்கிலத் தீர்ப்பும் ஒரே மாதிரி பதில் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் அது தேவையற்ற கேள்வி, இங்கிலாந்தில் கனமான கேள்வி. இங்கிலாந்திலேயே 1977இல் ஒரு சுவர் வழக்கு வந்தது. நிலத்தை வாங்கியவர் எல்லையில் மதில் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டு கட்டவில்லை. மதில் இல்லாததால் விற்றவரின் சொத்து மதிப்பில் பெரிய மாற்றம் இல்லை. ஆனாலும் அவர் தன் நிலத்தில் அந்த மதிலைக் கட்டத்தான் போகிறார் என்று நீதிபதி ஆலிவர் நம்பினார், கட்டும் செலவு முழுவதும் கிடைத்தது.

மதில்காரருக்குக் கிடைத்து குளத்துக்காரருக்குக் கிடைக்காமல் போனதற்கு இந்த நம்பிக்கை ஒரு பெரிய காரணம். நீதிபதிக்கு அது வாய்வார்த்தையால் வராது. வேறு கான்ட்ராக்டரிடம் வாங்கிய மதிப்பீடு, அதற்காக வரைந்த வரைபடம், வேலையை எப்போது தொடங்குவது என்று நடந்த கடிதப் போக்குவரத்து, இவைதான் எண்ணத்துக்குச் சாட்சி. வழக்குக்கு முந்தைய தேதியில் இருந்தால் இன்னும் வலு.

அதைவிட முக்கியம், அந்த அளவை ஏன் கேட்டோம் என்பதை ஒப்பந்தம் போடும்போதே எழுதிவைப்பது. "ஆழம் 7 அடி 6 அங்குலம்" என்பது வெறும் எண். "தலைகீழாகக் குதிப்பதற்காக ஆழம் 7 அடி 6 அங்குலம்" என்று எழுதிவிட்டால், அந்த ஆழம் குறைந்தால் என்ன இழப்பு என்பதற்குப் பதில் ஒப்பந்தத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. முதியவரின் சக்கர நாற்காலிக்காகக் கதவின் அகலம் கேட்கிறோம், ஆஸ்துமா உள்ள பிள்ளைக்காகச் சுவரில் ஈரம் ஏறாத பூச்சு கேட்கிறோம். காரணம் நம் மனசில் மட்டும் இருந்தால் நீதிமன்றத்துக்கு அது கதவு, பூச்சு, அவ்வளவுதான்.

2,500 பவுண்டு போதுமா

குளத்தை இடிக்கச் சொல்லாதது சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நன்றாக இருக்கிற ஒரு கட்டுமானத்தை, உரிமையாளரே திரும்பக் கட்டமாட்டார் என்று தெரிந்தும் இடிப்புச் செலவு வாங்கிக்கொடுப்பதில் யாருக்கும் நியாயம் இல்லை. ஆனால் 2,500 என்ற தொகை என்னை உறுத்துகிறது. அது எங்கிருந்து வந்தது என்பதற்கு அளவுகோல் எதுவும் இல்லை. பிரபுக்கள் அவையில் கான்ட்ராக்டர் தரப்பு அந்தத் தொகையை எதிர்க்கவில்லை. அதனால் அங்கே அதை யாரும் பிரித்து ஆராயவும் இல்லை. ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்த மேடையில், வீட்டுக்காரரின் விருப்பத்துக்கு எப்படி விலை போடுவது என்று ஒரு முறை வகுத்துக் கொடுத்திருக்கலாம். அந்த வாய்ப்பு நழுவிப்போனது பெரிய இழப்பு.

விளைவைப் பாருங்கள். கான்ட்ராக்டருக்கு ஒப்பந்தத் தொகை கிட்டத்தட்ட முழுசாகக் கிடைக்கிறது. ஒப்பந்தப்படி ஆழமாகத் தோண்டவில்லை என்பதால் அவருக்கு மண்ணும் கான்கிரீட்டும் மிச்சம். நியாயம் என்ற தராசில் இடிப்பதால் ஆகும் வீண்செலவை மட்டும் வைத்தார்கள், மீறியவருக்கு மிச்சமானதை வைக்கவில்லை.

பிறகு வந்த ஒரு தீர்ப்பு கொஞ்சம் ஆறுதல் தருகிறது. 2001இல் அதே பிரபுக்கள் அவை, லண்டனுக்குத் தெற்கே உள்ள கேட்விக் விமான நிலையத்திலிருந்து சுமார் 15 மைல் தள்ளி ஒரு நாட்டுப்புற வீடு வாங்கியவரின் வழக்கை விசாரித்தது. விமானச் சத்தம் இருக்குமா பாருங்கள் என்று அவர் குறிப்பாகக் கேட்டும், வீட்டைப் பரிசோதித்த சர்வேயர் பெரிய தொல்லை இருக்காது என்று கவனக்குறைவாகச் சொல்லிவிட்டார். வீட்டின் விலையில் குறைவில்லை, ஆனால் நிம்மதி போனது. 10,000 பவுண்டு இழப்பீட்டை அவை உறுதிசெய்தது. ரக்ஸ்லி அதற்கு ஒரு முக்கிய ஆதாரமாக நின்றது. நிம்மதியும் மகிழ்ச்சியும் ஒப்பந்தத்தின் முக்கியமான நோக்கங்களில் ஒன்றாக இருந்தாலே போதும், அதுவே முழு நோக்கமாக இருக்க வேண்டியதில்லை என்றார்கள்.

இதே குளம் இன்று இங்கிலாந்தில் கட்டப்பட்டிருந்தால், வீட்டுக்காரரின் கையில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டமும் இருந்திருக்கும். வேலை ஒப்புக்கொண்டபடி இல்லை என்றால் மறுபடி செய்துதரக் கேட்கலாம். அது நடக்காவிட்டால் விலையைக் குறைக்கக் கேட்கலாம், தேவைப்பட்டால் முழு விலை வரைக்கும். வேலையைப் பற்றிக் கான்ட்ராக்டர் வாயால் சொன்னதையும், அதை நம்பி வீட்டுக்காரர் முடிவெடுத்திருந்தால், ஒப்பந்தத்தின் பகுதியாகவே அந்தச் சட்டம் எடுத்துக்கொள்கிறது.

அப்போது வாதம் 17,800 பவுண்டில் எவ்வளவு குறைப்பது என்று மாறும். கான்ட்ராக்டரின் வழக்கறிஞர் உடனே, அந்தக் கூடுதல் ஓர் அடியை இலவசமாகத்தானே ஒத்துக்கொண்டோம், அதற்கு விலையே இல்லாதபோது எதைக் குறைப்பது என்று எழுந்து நிற்பார். நான் வீட்டுக்காரர் தரப்பில் நின்றால் இப்படிப் பதில் சொல்வேன்: வாங்கியது 7 அடி 6 அங்குலக் குளம், அதற்குப் பேசிய விலை 17,800. கூடுதல் ஓர் அடி எந்தக் காசுக்கு ஒத்துக்கொள்ளப்பட்டது என்பது பேரம் நடந்த கதை. முடிவான விலை கடைசியாக ஒப்புக்கொண்ட குளம் முழுமைக்கும் சேர்த்துப் போட்டது. அதில் ஒரு பகுதி வரவில்லை என்றால் விலையிலும் ஒரு பகுதி திரும்ப வர வேண்டும், அந்தப் பகுதி 2,500 பவுண்டைவிடக் கணிசமாகப் பெரியதாக இருக்க வேண்டும்.